முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு பிள்ளையைத் திட்டுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பீரியட் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். கல்லூரி வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் பாதியில் எழுந்து போகக் கூடாது.

இணையத்தில் "வேப்" வாங்கப் போய்க் கிரெடிட் கார்டில் பணத்தைப் பறிகொடுப்பதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். வேப் என்றதும் வேப்பங்கொழுந்து என்று நினைக்கும் என் வயதுக்காரர்களுக்காக ஒரு வரி விளக்கம். பேனா போலவோ பென் டிரைவ் போலவோ இருக்கும் சின்னக் கருவி அது. பேட்டரியால் ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுப்பார்கள். பெரும்பாலும் அந்தத் திரவத்தில் நிக்கோட்டின் இருக்கும். மாம்பழம், புதினா என்று வாசனை சேர்த்திருப்பார்கள். சிகரெட் நாற்றம் இருக்காது. அதனால் வீட்டில் பக்கத்து அறையில் இழுத்தாலும் நமக்குத் தெரியாது.

இதன் உடல்நலக் கேட்டைப் பற்றி டாக்டர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கணக்கு டீச்சர். பணக் கணக்கைப் பேசுகிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் இ-சிகரெட்டுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாகவே ஆகிவிட்டது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். இணைய விற்பனையும் இதில் அடக்கம். விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். "நான் விற்கவில்லையே, எனக்கு ஒன்றுதானே வரவழைத்தேன்" என்று சொல்லலாம் என நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதற்கும் இறக்குமதி என்றுதான் பெயர்.

இதிலிருந்து நேராக ஒரு முடிவுக்கு வரலாம். இந்திய முகவரிக்கு வேப் அனுப்புகிறேன் என்று சொல்லும் எந்தத் தளமும் நேர்மையான கடையாக இருக்க முடியாது. நேர்மையான கடைக்குப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில், திருப்பி அனுப்பும் வசதி எல்லாம் இருக்கும். பொருள் வராவிட்டால் சண்டை போட ஓர் ஆள் இருப்பார். இங்கே ஒன்றும் கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், டெலிகிராமில் ஒரு குழு, வாட்ஸ்அப்பில் ஒரு எண். இன்று இருக்கும், நாளை இருக்காது. அப்படிப்பட்டவரிடம் நம் 16 இலக்க எண்ணையும், காலாவதித் தேதியையும், பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் எழுதிக் கொடுக்கிறோம். சந்தையில் முகம் தெரியாதவரிடம் பீரோ சாவியைக் கொடுத்துவிட்டு, "ஆயிரம் ரூபாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வோமா?

"எந்தத் தளம் பாதுகாப்பானது டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இந்தியாவில் இந்தப் பொருளுக்கு அப்படி ஒரு தளம் இல்லை. தேடாதீர்கள்.

ஆனால் இவ்வளவோடு முடித்துவிட்டால் அது காலை வழிபாட்டுக் கூட்டத்து உபதேசமாகிவிடும். பிள்ளைகள் வாங்குகிறார்கள் என்பது உண்மை. வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

"திருடனுக்குத் தேள் கொட்டியது போல" என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. வலி உயிர் போகும், வாய்விட்டுக் கத்த முடியாது. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அரிசி வாங்க, புத்தகம் வாங்கப் போய் ஏமாந்தவர் அரை மணி நேரத்தில் வங்கிக்குப் போன் செய்துவிடுவார். வேப் வாங்கப் போய் ஏமாந்த பையன் செய்ய மாட்டான். அப்பாவுக்குத் தெரியக் கூடாது, கல்லூரிக்குத் தெரியக் கூடாது, போலீஸ் என்றால் இன்னும் பயம். அவன் வாய் மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மோசடிக்காரனுக்கு லாபம்.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் அனுமதியோடு, ஊர் பேர் இல்லாமல் எழுதுகிறேன். வெளியூரில் படிக்கும் மகனுக்கு ஹாஸ்டல் செலவுக்காகத் தன் கிரெடிட் கார்டில் ஆட்-ஆன் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தார். பையன் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வேப் வாங்க, கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் திறந்துவிட்டான். 1,800 ரூபாய் போனது. பொருள் வரவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு டாலருக்கும் குறைவாக ஒரு சின்னத் தொகை போனது. மறுநாள் இரண்டு தடவையாக 41,000 ரூபாய். ஓடிபி கேட்கவே இல்லை. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி மூன்றும் பையனின் போனுக்குத்தான் வந்தன. பார்த்தான், பயந்தான், அழித்துவிட்டான். மாதக் கடைசியில் பில் வந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்குள் 19 நாள் ஓடிவிட்டது.

"டீச்சர், பணம் போனதைக்கூட விடுங்க. மூணு வாரம் அவன் என்கூடத் தினமும் போன்ல பேசினான், 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டான், இதைச் சொல்லல" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அன்று இரவு தூக்கமில்லை.

நடந்ததைக் கணக்கு போல ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி, ஓடிபி ஏன் வரவில்லை? இந்தியத் தளங்களில் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. அதனால் ஓடிபி இல்லாமல் பணம் போகாது என்றே நாம் பழகிவிட்டோம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அப்படி இல்லை. எண்ணும் தேதியும் மூன்று இலக்கமும் இருந்தாலே பணம் போய்விடும். ஓடிபி நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் என்றால், வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைப்பது கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது.

இரண்டாவது படி, அந்தச் சின்னத் தொகை எதற்கு? கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அது. சின்னத் தொகை போனால் அடுத்துப் பெரியது. காரணம் தெரியாத சில ரூபாய்கள் உங்கள் கார்டில் போயிருந்தால், "போனால் போகட்டும்" என்று விடாதீர்கள். அதுதான் முதல் மணி.

இதில் ஒரு கணக்குச் சுவாரசியமும் உண்டு. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படுவது. வலமிருந்து இடமாகப் போய், கடைசி இலக்கத்துக்கு அடுத்ததில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். உங்கள் கார்டை எடுத்துத் தாளில் போட்டுப் பாருங்கள், போட்டு முடித்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், தளத்தில் எண்ணை அடித்ததும் பச்சை டிக் வருகிறதே, அது இந்தக் கூட்டல் கணக்கு மட்டும்தான். வங்கியோடு பேசிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதேபோல் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுப் படமும், இடையில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பூட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு போடுவான்.

மூன்றாவது படிதான் முக்கியம். 19 நாள் என்பது ஏன் பெரிய விஷயம்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நம் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தவறு நம் பக்கமும் இல்லை, வங்கிப் பக்கமும் இல்லை, வேறு எங்கோ நடந்தது என்றால்:

வங்கியிடமிருந்து தகவல் வந்த நாளைக் கழித்து, 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு பூஜ்யம்.

4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் வரம்பு உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 25,000.

7 நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. அதாவது நாம் அவர்கள் கையில்.

புகார் சொன்ன பிறகு 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் வேலையும் வங்கியுடையது. உங்கள் வங்கியின் இன்றைய விதியை அதன் தளத்தில் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நாமே யாருக்காவது சொல்லியிருந்தால் அது நம் கவனக்குறைவு. புகார் செய்யும் நொடி வரைக்கும் ஆன நஷ்டம் நம்முடையது, அதற்குப் பிறகு ஆவது வங்கியுடையது. அப்போதும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. அந்த 1,800 ரூபாய், பையன் தானே மனமறிந்து கட்டியது. அதை "என் அனுமதி இல்லாமல் போனது" என்று சொல்ல முடியாது. பின்னால் போன 41,000 வேறு கதை. முதல் நாளே சொல்லியிருந்தால் அதற்கு வலுவாக வாதாட இடம் இருந்திருக்கும். வேப் வாங்கியது தப்பு என்பதற்காக, அந்தக் கார்டைத் திருடிப் பயன்படுத்தியவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். அது தனிக் குற்றம், தனிப் புகார்.

அந்த மூன்று நாளை நம் பிள்ளைகளுக்குத் தருவது யார்? நாம்தான். என் கருத்து இதுதான்: பிள்ளை ஒரு தப்பைச் செய்துவிட்டு மூன்று நாளுக்குள் வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருந்தால், எந்த ஆப்பும் தராத பாதுகாப்பு அதில் இருக்கிறது. ஹோம்வொர்க் எழுதாத பிள்ளையை மூன்று ரகமாகப் பார்த்திருக்கிறேன். வந்து சொல்கிறவன், லீவு போடுகிறவன், பக்கத்துப் பையனுடைய நோட்டைத் தன் நோட்டு என்று காட்டுகிறவன். அந்த ரகத்தைத் தீர்மானிப்பது பிள்ளையின் குணம் மட்டும் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்ற அனுபவமும்தான்.

"அப்படியானால் கண்டிக்கவே வேண்டாமா டீச்சர்? செல்லம் கொடுத்தால் கெட்டுப் போவான்" என்று சிலர் கேட்பீர்கள். கண்டியுங்கள். நான் வகுப்பில் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். வீடு தீப்பிடித்தால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீப்பெட்டியை எடுத்தது யார் என்ற விசாரணை. முதலில் கார்டு, பிறகு கண்டிப்பு.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "உங்கள் பெயரில் வந்த பார்சலைச் சுங்கத்துறை பிடித்துவிட்டது, அபராதம் கட்டுங்கள், இல்லாவிட்டால் கைது" என்று போன் வரும். வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரியும். ஒன்றும் ஆர்டர் செய்யாதவர்களே இதில் பயந்து லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். உண்மையிலேயே தடை செய்யப்பட்ட பொருளை ஆர்டர் செய்த பிள்ளை எப்படி நடுங்கும்! "டிஜிட்டல் கைது" என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதை எச்சரித்தார். எந்த அதிகாரியும் போனில் கைது செய்ய மாட்டார், போனில் பணம் வாங்க மாட்டார். வயதைச் சரிபார்க்க என்று சொல்லி ஆதார் படமும் செல்ஃபியும் கேட்கும் தளங்களும் உண்டு. அது கிடைத்துவிட்டால் கார்டை மாற்றினாலும் தொல்லை தீராது. கார்டை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியுமா?

இனி வீட்டுப்பாடம். எல்லா இணையக் கொள்முதலுக்கும் பொருந்தும். இன்றே செய்யுங்கள்.

1. வங்கி ஆப்பைத் திறந்து, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை "ஆஃப்" என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வசதியை 2020-லேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. தேவைப்படும் நாளில் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள்.

2. இணையச் செலவுக்கு வரம்பு வையுங்கள். பிள்ளையின் ஆட்-ஆன் கார்டுக்குத் தனி வரம்பு. மாதம் 5,000 செலவாகும் இடத்தில் ஒரு லட்சம் எதற்கு?

3. எச்சரிக்கைத் தகவல் பிள்ளையின் போனோடு உங்கள் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வருமாறு வங்கியிடம் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைக்குத் தெரிந்தே செய்யுங்கள். ஒளிந்து வேவு பார்க்க வேண்டாம்.

4. அறிமுகமில்லாத தளத்தில் டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம். கிரெடிட் கார்டில் போவது வங்கிப் பணம், தகராறு செய்ய அவகாசம் உண்டு. டெபிட் கார்டில் போவது உங்கள் சம்பளம்.

5. தனிநபர் பெயருக்கு யுபிஐ அனுப்பச் சொன்னாலும், கிரிப்டோவில் கட்டச் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். திரும்பி வருவது மிகக் கடினம்.

6. "இலவசம், தபால் செலவு மட்டும்" என்றால் கீழே பொடி எழுத்தில் மாதச் சந்தா இருக்கிறதா என்று பாருங்கள்.

7. பணம் போய்விட்டால்: ஆப்பில் கார்டை முடக்குங்கள். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், அங்கேயும் போலி எண் போட்டு வைத்திருப்பார்கள். அடுத்து 1930-க்கு அழையுங்கள், அல்லது மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி, திரைப்படம், உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

8. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் செல்வங்களுக்கு: உங்கள் ஊர்ச் சட்டம் வேறு. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து வாங்குவது, பயன்படுத்துவது, கையில் வைத்திருப்பது எல்லாமே குற்றம், அங்கே விளையாட வேண்டாம். இங்கிலாந்தில் 18 வயது ஆனவர்கள் வாங்கலாம், ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை. அமெரிக்காவில் இணையத்தில் விற்பவர் வயதைச் சரிபார்க்க வேண்டும், பொருளைக் கொடுக்கும்போது பெரியவர் ஒருவர் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே "வயதே கேட்க மாட்டோம், தபால் பெட்டியில் போட்டுவிடுவோம்" என்று சொல்லும் கடை அங்கேயும் சட்டத்தை மீறுகிற கடைதான். ஒரு சட்டத்தை மதிக்காதவர் உங்கள் கார்டை மட்டும் மதிப்பாரா?

"சிகரெட்டை விடத்தான் டீச்சர் இதற்கு மாறினேன்" என்று சொல்பவர்கள் என் மாணவர்களிலும் இருக்கிறார்கள். உங்கள் எண்ணம் நல்லது. அதற்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத அரசு உதவி எண் இருக்கிறது. டாக்டரைக் கேட்டு, மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கலாம், பில்லோடு கிடைக்கும். ஒளிந்து வாங்க வேண்டியதில்லை.

எனக்குப் போன் செய்த மாணவர் வீட்டில் வங்கி விசாரணை இன்னும் முடியவில்லை. நம் எல்லார் வீட்டிலும் இந்த வாரம் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பேச்சு நடக்கட்டும். "எந்தத் தப்பாக இருந்தாலும், பணம் போச்சுன்னா அன்னைக்கே எங்கிட்ட சொல்லு. அன்னைக்குத் திட்ட மாட்டேன்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அது தவறிவிட்டால் அடுத்த முறை அவன் வர மாட்டான்.

சொல்ல ஆளில்லை என்று நினைக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். முதலில் கார்டை முடக்குவோம், வங்கிக்கு என்ன எழுதுவது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பகிர வேண்டும் என்று தோன்றினால் பகிருங்கள். வங்கியில் வேலை செய்யும் என் மாணவர்கள் கூடுதல் விவரம் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லாருக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்